பதினேழாம் மட்டத்துத் தங்கம்

மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் விசாரிப்பார்கள், பெண்ணுக்கு விசாரிப்பார்கள், வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனைக்கூட விட மாட்டார்கள். ஆகவே தங்கத்துக்கும் பூர்வீகம் விசாரிக்கிற காலம் வந்தபோது கோயமுத்தூர்க்காரர்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்றுதான் கேட்டார்கள்.

அந்த மெஷினுக்கு அரசாங்கம் சூட்டிய பெயர் மூன்று வரிக்கு நீளும். அதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பது? நகைக்கடைகள் நிறைந்த ராஜ வீதியில் அதற்குப் 'பூர்வீகம்' என்றே பெயர் நின்றுவிட்டது. இட்லிக் குண்டான் அளவுதான் இருக்கும். தட்டில் நகையை வைத்து மூடினால் ஒன்றரை நிமிஷத்தில், அந்தத் தங்கம் எந்த நாட்டில், எந்தச் சுரங்கத்தில், எவ்வளவு ஆழத்தில் பிறந்தது என்று திரையில் வந்துவிடும். மாற்று எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பதெல்லாம் பழைய சங்கதி. இருபத்திரண்டு காரட் என்றால் இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அது சரிங்க, பூர்வீகம் எப்படி?" என்கிறார்கள்.

கறைச் சட்டம் வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. சின்னப் பிள்ளைகளை இறக்கித் தோண்டிய சுரங்கம், ஆற்றில் பாதரசத்தைக் கரைத்து ஊர் மொத்தத்துக்கும் கைநடுக்கம் கொடுத்த சுரங்கம், ஆட்கள் உள்ளே மாண்டுபோன சுரங்கம் என்று உலகம் முழுக்க அலசி ஒரு பட்டியல் போட்டார்கள். அது கறைப் பட்டியல். ஒரு நகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தச் சுரங்கங்களின் தங்கம் இருந்தால் 'கறை' என்று முத்திரை விழும். விழுந்தால் தீர்ந்தது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போக முடியாது. பதினைந்து நாளுக்குள் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். நல்ல மனசோடு கொண்டுவந்த சட்டம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நம் ஜனங்கள் அதை எடுத்துப் போய் ஜாதகப் பொருத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தண்டபாணியின் பரிசோதனை மையத்தில் பூர்வீகத்தை இயக்குகிறவள் பிலோமினா. நாற்பத்தாறு வயது. மெஷின் என்ன சொன்னாலும் கடைசியில் உரிமம் பெற்ற ஒரு மனிதரின் கட்டைவிரல் பதிந்தால்தான் முத்திரை விழும். சுத்தம் என்றால் பச்சைக் கட்டத்தில், கறை என்றால் சிவப்புக் கட்டத்தில். அந்தக் கட்டைவிரல் அவளுடையது. ஒரு நாளைக்கு எழுபது எண்பது நகைகள் பார்ப்பாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள்.

பேசாததற்குக் காரணம் உண்டு. அவளுடைய சொந்தப் பூர்வீகம் ஊதுகல். கர்நாடக எல்லையில் இருந்த தங்கச் சுரங்கத்து ஊர். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலத்துக் காலையில், அவளுடைய அப்பா அந்தோணிசாமியும் இன்னும் நாற்பத்திரண்டு பேரும் பூமிக்கு அடியில், மேலிருந்து எண்ணினால் பதினேழாவது மட்டத்தில் வேலைக்கு இறங்கினார்கள். மட்டம் சரிந்தது. கம்பெனி குழியை மூடிவிட்டு மூட்டை கட்டியது. பிலோமினாவுக்கு அப்போது பத்து வயது.

தினமும் திரையில் ஊதுகல் வரும். இந்தச் சீமையின் பழைய தங்கத்தில் ஊதுகல் இல்லாத தங்கம் ஏது? இந்த வளையலில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அந்தச் சங்கிலியில் இருபது பங்கு என்று வந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்தில் 'சுத்தம்' என்று பச்சையாகக் காட்டும். முதல் தடவை பார்த்தபோது அதே நகையை மறுபடி வைத்து மூடிப் பார்த்தாள். அப்புறம், பட்டியலில் சேர்வதற்கு நாற்பத்து மூன்று பேர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கில் செத்த இடங்களெல்லாம் உலகத்தில் இருக்கும்போது இதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? விட்டுவிட்டாள். அவளுக்கும் வேலை வேண்டுமே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு புதன்கிழமை சிவகாமியம்மாள் வந்தார். சூலூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம். கூடவே மருமகளாகப் போகிற குழலி என்ற பெண். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். சிவகாமியம்மாளின் மாமனார் எந்தக் காலத்திலோ வாங்கி, உருக்காமல், யார் கண்ணிலும் காட்டாமல் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போன தங்க பிஸ்கட்டில் புதிதாகத் தாலி செய்திருந்தார்கள். அதற்குப் பூர்வீகம் பார்த்துச் சான்றிதழ் வாங்கி, மண்டபத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அவருடைய ஓரகத்தி வீட்டுத் தாலியில் பிரேசில் கலந்திருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங் அம்முணி, உருக்கி அடிச்சு இத்தன பண்ணினதுக்கப்புறமும் இதுக்கு எப்புடித் தெரியுது?" என்று கேட்டார்.

"தங்கம் எங்க எடுத்தாலும் ஒண்ணுதாங்க. ஆனா அதுகூடவே பொறந்த வெள்ளி, ஈயம் எல்லாம் துளியூண்டு ஒட்டிட்டு வரும். எத்தனை தடவை உருக்கினாலும் முழுசாப் போகாது. அந்தத் துளிதான் ஊருக்கு ஊர் மாறும்" என்று பிலோமினா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டே தட்டை மூடினாள்.

ஒன்றரை நிமிஷம் கழித்துத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஊதுகல், நூற்றுக்கு நூறு, பதினேழாவது மட்டம், சுத்தம்.

பதினேழாவது மட்டத்தை அந்த வருஷம்தான் திறந்தார்கள். சரிந்ததோடு அது முடிந்தும் போயிற்று. மொத்தம் எட்டு மாதம். அதில் தோண்டியவர்கள் அந்த நாற்பத்து மூன்று பேர்தான். கலப்பில்லாமல், முழுசாக, அவள் அப்பா வெட்டின தங்கம் ஒரு கல்யாணப் பெண்ணின் தாலியாகத் தட்டில் கிடந்தது. பிலோமினாவின் கட்டைவிரல் பச்சைக் கட்டம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. மெஷின் சூடாகிவிட்டது, காலையில் வாருங்கள் என்று அவள் சொன்ன பொய்யைச் சிவகாமியம்மாள் நம்பினார். குழலி நம்பியதாகத் தெரியவில்லை. போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஏன் கறை, ஏன் சுத்தம் என்று காரணம் சொல்லும் பக்கம் ஒன்று மெஷினில் உண்டு. ஒருவரும் அதைத் திறப்பதில்லை. பிலோமினா அன்றைக்குத்தான் திறந்தாள். அதில் ஒரு பழைய நோட்டின் படம் இருந்தது. ஊதுகல் குழி வாசலில், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டில் ஏறி இறங்குகிறவர்களைக் குறித்து வைக்கும் நோட்டு. சரிந்த நாளின் பக்கம். நாற்பத்து மூன்று பெயர்கள். பதினோராவது பெயர் ச. அந்தோணிசாமி. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஏதோ அடித்துக் கிறுக்கிய ஒரு சின்னக் கோடு, அதற்குப் பக்கத்தில் ஒரே சொல்: 'வரவில்லை.'

கீழே பட்டியல் போட்டவர்களின் குறிப்பு. 'விபத்து நடந்த அன்று மேற்படி நாற்பத்து மூவரும் பணிக்கு வரவில்லை. உயிரிழப்பு ஏதுமில்லை. சுரங்கம் சுத்தமானது.'

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் அது போய்விட்டது. திரும்பத் திரும்ப வாசித்தாள். வாசிக்க வாசிக்கத் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவே இல்லையோ? வாசலில் நின்று டாட்டா காட்டியது வேறு ஒரு நாளோ? முப்பத்தாறு வருஷம் அல்லவா? பத்து வயசுப் பிள்ளையின் ஞாபகத்தை எந்த மெஷினில் வைத்துப் பார்ப்பது?

தண்டபாணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வரலீன்னுதானுங்க எழுதியிருக்குது. லீவு போட்டிருப்பாங்க" என்றார்.

"சார், இது ஆபீஸ் நோட்டு இல்ல. கூண்டு நோட்டு. கூண்டுல ஏறிக் கீழ இறங்கினவன் பேருதான் இதுல இருக்கும். வேலைக்கே வராதவன் பேரு இதுல ஏறவே ஏறாது. இந்த வரவில்லைக்குக் குழியை விட்டு வரவில்லைன்னு அர்த்தம்."

தண்டபாணி கண்ணாடியை மறுபடி கழற்றினார். பட்டியல் போட்டது வெளிநாட்டு ஆட்கள், கிழிந்த நோட்டை ஒரு மெஷின் வாசித்து இன்னொரு மெஷின் மொழிபெயர்த்திருக்கும், அதற்கு நம்முடைய வருவதும் போவதும் எங்கே தெரியும் என்று முணுமுணுத்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். உரிமம் உள்ளவர் ஆட்சேபணை போட்டால் பட்டியலைத் திருத்துவார்கள், அது அவருக்கும் தெரியும். ஆனால் ஊதுகல் கறை என்று ஆகிவிட்டால் இந்தச் சீமையில் பாதிப் பேர் கழுத்தில் இருப்பது கறையாகிவிடும்.

"கொடுமுடியில இருந்து பாலக்காடு வரைக்கும் தாலியக் கழட்ட வேணுமுங்க. உங்க ஒரு விரலு. செய்யறது தப்புன்னு நான் சொல்லுலீங்க. ஆனா செத்தவங்களுக்கு இதுல என்னுங் கெடைக்கும்?"

அவளும் அதைத்தான் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போத்தனூரில் வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். அம்மா ஞானம்மா வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். எழுபது வயதிலும் கழுத்தில் தாலி. அப்பா போனதிலிருந்து அதை அவள் கழற்றியதே இல்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கிளம்பும்போது இவள் மட்டும் வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். கேட்டால், அவர் செத்தார் என்று யாரும் எழுதவில்லையே, வரவில்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்பாள். அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது என்றே பிலோமினா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஆசையில் பிசகின புத்தியை யார் திருத்துவது என்று சும்மா இருந்துவிட்டாள்.

அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் போனில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினாள். ஞானம்மா அந்தச் சின்னக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இத்த அடிக்கச் சொன்னதே நாந்தான்" என்றாள்.

பிலோமினாவுக்குப் புரியவில்லை. அம்மா நிதானமாகச் சொன்னாள். சரிந்து மூன்றாம் நாள். இனி யாரும் பிழைத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கூண்டு கிளார்க் முனிரத்தினம் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'மேலே வரவில்லை' என்று எழுதி வைத்திருந்தான். உள்ளே செத்தவனுடைய குடும்பம் ஏழு நாளில் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும், நஷ்டஈடெல்லாம் விசாரணை முடிந்த பிறகு என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேலைக்கு வராமல் நின்றுவிட்டவனுடைய குடும்பம் என்றால் மூன்று மாதம் இருக்கலாம். வெளியே அடைமழை.

"நாப்பத்து மூணு பொம்பளைங்க போய் நின்னோம். கையில புள்ள, வயித்துல புள்ள. அந்த 'மேலே'ய மட்டும் அடிச்சுடுய்யான்னு நான் அவன் கால்ல வுழுந்தேன். அவன் அழுதுகினே அடிச்சான். பொய் எழுதச் சொல்லலடி. வரலதானே? வரலன்னுதானே இருக்குது."

"தெரிஞ்சே செஞ்சியா? நைனா செத்துட்டாருன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியாம இன்னா?"

"அப்புறம் ஏன் இத்தன வருஷம் தாலி?"

"எழுதச் சொன்னது நானு. அதும்படி நாந்தானே இருக்கணும்?"

பிலோமினாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் அவள் ஐந்தாம் வகுப்பை முடித்தாள், தம்பி பிறந்தான், மூன்று பிள்ளைகளும் தெருவுக்கு வராமல் தப்பித்தார்கள். அம்மா அடிக்கச் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஊதுகல் இத்தனை வருஷம் பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நிஜம். நான் என்னதான் பண்ணட்டும் என்று அம்மாவையே கேட்டாள். ஞானம்மா தலையை ஆட்டினாள். அன்றைக்கும் தனக்குத் தெரியவில்லை, தெரியாமல்தான் செய்தேன், இன்றைக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மாலையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் சிவகாமியம்மாளும் குழலியும் வந்துவிட்டார்கள். பச்சையில் விரல் வைத்துவிடலாம் என்று முடிவு செய்துதான் பிலோமினா பஸ்ஸில் வந்தாள். சிவப்பில் வைத்துவிடலாம் என்று அதே பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் கழித்து முடிவு செய்தாள். எதிரில் அந்த இரண்டு முகங்களைப் பார்த்ததும் இரண்டு முடிவும் போய்விட்டது. அப்படியே எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டாள். அப்பா பெயர், பதினேழாவது மட்டம், நோட்டு, அம்மா காலில் விழுந்தது வரைக்கும். தண்டபாணி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிவகாமியம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாளை விடிந்தால் கல்யாணம், இப்போது வந்து இப்படிச் சொன்னால் எப்படி என்று சத்தம் போட்டார். பிறகு குழம்பிப் போனார். தட்டில் கிடந்த தாலியைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங் அம்முணி, எனக்கு ஒண்ணு புரியலீங். எங்க மாமனாரு காசு குடுத்து வாங்குனாரு. உங்கப்பா வெட்டுனாரு. இதுல கறை ஆரோடதுங்?"

"எனக்கும் தெரியலீங்கம்மா" என்றாள் பிலோமினா. அது உண்மை.

குழலிதான் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள். அவள் தாலியைப் பார்க்கவில்லை, பிலோமினாவைப் பார்த்தாள். "இதப் போட்டுட்டு நானு தெனமும் கண்ணாடி பாக்க வேணுமுங்க அக்கா. நீங்க நெசத்த எழுதுங்க" என்றாள். சிவகாமியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிலோமினா சிவப்புக் கட்டத்தில் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் காரணம் கேட்டது. 'இறந்தனர்' என்று தட்டினாள். அம்மாவின் கழுத்து கண்ணுக்குள் வந்தது. அழித்தாள். மறுபடி, 'நாற்பத்து மூன்று பேர் மேலே வரவில்லை' என்று தட்டி, சாட்சி என்ற இடத்தில் தன் பெயரையும், உறவு என்ற இடத்தில் மகள் என்றும் போட்டாள். அடித்த சொல் நாற்பத்து மூன்று இடத்திலும் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கவும் என்று சேர்த்தாள். மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், அது சோம்பல் படாது. பக்கத்தைப் பெரிதாக்கியது, கோட்டுக்கு அடியில் இருந்த மையை வாசித்தது. இறங்கியவர் மேலே வராவிட்டால் அது உயிரிழப்பு என்று சட்டத்திலேயே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் ஊதுகல் கறைப் பட்டியலில் ஏறிவிட்டது.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? ராஜ வீதி முழுக்கப் போன்கள் அலறின. பதிவு செய்த ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக நோட்டீஸ் போனது. தண்டபாணியின் மனைவி கூப்பிட்டு, மாங்கல்யம் கறை என்று வருகிறதே, என்ன கூத்து இது என்று கேட்டபோது, அவர் பிலோமினாவைப் பார்த்துக்கொண்டே, சாயங்காலம் வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். குழலியின் கல்யாணம் நிற்கவில்லை. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டினார்கள். சான்றிதழ் எதுவும் வாசிக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கட்டின தாலிகளில் பாதி மஞ்சள் கிழங்குதான். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பிலோமினாவைத் தெருவில் கும்பிட்டவர்களும் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்களும் உண்டு. எவர் பக்கம் நியாயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஊதுகல் பட்டியலில் ஏறிய அன்றே அவளுடைய போனுக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. அவளுடைய நகைக்கு இல்லை. ஞானம்மா, தாலி ஒன்று, அறுபது பங்கு ஊதுகல், கறை. ஊதுகல் கடைவீதியில் வாங்கின தாலி வேறு எப்படி இருக்கும்? போன வருஷம் அம்மாவின் கழுத்தில் இருந்தபடியே துளி சுரண்டி எடுத்து, அந்தத் துகளைப் பூர்வீகத்தில் வைத்துப் பதிந்தவளே அவள்தான். 'இறந்தனர்' என்ற சொல்லை அழித்து அம்மாவின் தாலியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தாள். அந்தச் சமாதானமும் ஒரு மணி நேரம்தான்.

இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம், அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். ஞானம்மா கையை நிறுத்தவில்லை.

"கழட்டணுமா?"

"பதினஞ்சு நாள் இருக்கும்மா. மனு போட்டுப் பாக்கலாம்."

"வாங்கி இன்னா பண்ணுவாங்க? உருக்கி வேற யாருக்கானாக் குடுப்பாங்களா?"

"யாருக்கும் குடுக்க மாட்டாங்க. எந்தச் சுரங்கத்துல எடுத்துச்சோ அதுக்குள்ளயே போட்டுச் சிமெண்ட் ஊத்தி மூடிடுவாங்க."

அம்மாவின் கை நின்றது. ஒரு மொச்சை தரையில் உருண்டது.

"எவ்ளோ கீழ?"

"எந்த மட்டத்துத் தங்கமோ அந்த மட்டம் வரைக்கும் குழாய் விட்டு இறக்குவாங்க." பிலோமினா தயங்கினாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "உன்னுது பதினேழு இல்லம்மா. அது ஒம்பதாவது மட்டம்."

ஞானம்மா கணக்குப் போடுகிறவளைப் போலக் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தாள்.

"பாதி தூரம்" என்றாள். "பரவால்ல. பாதி தூரமாச்சும் போகட்டும்."

முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

"திருகு இறுகிக் கெடக்குது. நீயே கழட்டு."